செயற்கைக்கோள் தொலையுணர்வு (தரையைத் தொடாமலே விண்ணிலிருந்து அளந்தறிதல்) அமைப்பின் அடிப்படைக் கூறுகள் எவை? அவற்றில் எது முக்கியம்?

பாடநூல்கள் பெரும்பாலும் ஏழு என்று எண்ணிவிடும்: ஆற்றல் மூலம், வளிமண்டலம், தரையிலுள்ள பொருள், உணரி, தரவைத் தரைக்கு அனுப்புதல், பகுப்பாய்வு, பயன்பாடு. தேர்வுக்கு இது போதும். ஆனால் செயற்கைக்கோள் படங்களோடு வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எல்லோருக்கும் கண்ணில் படுவது செயற்கைக்கோளும் அதிலுள்ள கேமராவும்தான். படம் தேறுமா தேறாதா என்பது பாதிக்கு மேல் அவற்றுக்கு வெளியே முடிவாகிறது.

முதலில் ஒளி. அமெரிக்காவின் லேண்ட்சாட், ஐரோப்பாவின் சென்டினல்-2 போன்ற செயற்கைக்கோள்கள் பெரும்பாலும் சூரிய ஒளியை நம்பி இருப்பவை. அதனால்தான் பூமத்திய ரேகையை எப்போதும் உள்ளூர் நேரம் காலை பத்து, பத்தரை வாக்கில் கடக்கும்படி அவற்றின் பாதையை அமைத்திருக்கிறார்கள். இரவிலும் மேகத்திலும் சூரிய ஒளியைக் கொண்டு அவற்றால் தரையைப் பார்க்க முடியாது. சென்டினல்-1 மாதிரி ரேடார் செயற்கைக்கோள்கள் நுண்ணலையைத் தாமே அனுப்பி, திரும்பி வருவதை அளக்கும். மழை மேகம் விலகாத வெள்ளக் காலத்தில் கைகொடுப்பது இவைதான்.

அடுத்தது வளிமண்டலம். பலரும் ஒரே வரியில் தாண்டிவிடும் இடம் இது. சூரிய ஒளி இறங்கும்போது ஒருமுறை, தரையில் பட்டு மேலே போகும்போது இன்னொரு முறை என்று காற்றை இருமுறை கடக்கிறது. நீலம் அதிகம் சிதறும். 1.4, 1.9 மைக்ரோமீட்டர் அலைநீளங்களின் அருகே நீராவி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஆகவே உணரி பார்க்க வேண்டிய அலைப்பட்டைகளை (அலைநீளத் துண்டுகளை) இவற்றுக்கு நடுவே பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், லேண்ட்சாட் 8-இல் ஒரு பட்டையை வேண்டுமென்றே 1.37 மைக்ரோமீட்டரில் வைத்திருக்கிறார்கள். அங்கே தரை தெரியாது. அதனாலேயே நீராவிக்கு மேலே உயரத்தில் மிதக்கும் மெல்லிய கீற்று மேகங்கள் தனியாகத் தெரியும்!

தரைப்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இலை சிவப்பை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். தண்ணீர் அதை விழுங்கும். பயிர் வரைபடம் பாதி இதில் அடக்கம்.

உணரியில் எப்போதும் ஒரு பேரம் உண்டு. நுணுக்கம் கூடினால் பொதுவாக ஒரே ஓட்டத்தில் எடுக்கும் பரப்பின் அகலம் குறையும், அதே இடத்துக்குத் திரும்பி வர நாளாகும். லேண்ட்சாட் 8 ஒரே ஓட்டத்தில் 185 கி.மீ. அகலத்தை 30 மீட்டர் பிக்சலில் எடுக்கிறது. அது மட்டும் அதே இடத்துக்குத் திரும்பி வர 16 நாள். லேண்ட்சாட் 7-இல் வரிகளுக்கு நடுவே இடைவெளி விழாமல் பார்த்துக்கொள்ளும் வரிதிருத்தும் கருவி 2003 மே மாதம் பழுதானபோது ஒவ்வொரு படத்திலும் ஏறத்தாழ 22 சதவீதம் காணாமல் போனது. அப்புறமும் அதைப் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள், ஏனென்றால் அமைப்பு என்ற சங்கிலியின் மற்ற கண்ணிகள் ஒழுங்காக இருந்தன.

தரவைப் பெறும் தரைநிலையமும் அப்படி ஒரு கண்ணி. தாழ்ந்த பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் ஒரு நிலையத்தின் வானில் பத்து நிமிடம் போலத்தான் இருக்கும். வட துருவத்தை ஒட்டிய நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில் நிலையம் அமைத்ததற்குக் காரணம், துருவங்களை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் அங்கே தலைகாட்டுவதுதான். வந்த தரவு மக்களுக்குக் கிடைப்பதும் அமைப்பின் பகுதி என்பேன். லேண்ட்சாட் படங்களை 2008-இல் இலவசமாக்கிய பிறகுதான் பயன்பாடு பல மடங்கானது.

நேரம் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒரே இடத்தின் சென்டினல்-2 படத்தை 1சி, 2ஏ என இரு நிலைகளிலும் இறக்கிக்கொள்ளுங்கள். முன்னது காற்றின் பாதிப்போடு இருப்பது, பின்னது திருத்தியது. இரண்டின் நீலப் பட்டையையும் பக்கத்தில் வைத்தால் வளிமண்டலம் எவ்வளவு சேர்த்திருக்கிறது என்று தெரியும்.