லேன் கேபிளில் (நெட்வொர்க் கம்பியில்) இணைத்தும் டிவியில் 4கே படம் திக்குவது குறித்து

ரௌட்டரை மாற்ற வேண்டாம். டிவியின் லேன் கேபிளைக் கழற்றிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்துப் பாருங்கள்.

கணினியில் சீராக ஓடும் 4கே கோப்பு, கேபிள் வழியே டிவியில் மட்டும், அதுவும் சண்டைக் காட்சிகளில், திக்குவதாக எழுதியிருக்கிறீர்கள். பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் போர்ட் நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் வாங்காது. 4கே ப்ளூரே வட்டிலிருந்து மறுசுருக்கம் செய்யாமல் எடுத்த கோப்போ, காட்சி வேகமாக மாறும் இடங்களில் அந்த அளவைத் தாண்டக்கூடும் என்பதால், எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் பயன் இருக்காது; வைஃபைக்கோ அந்த போர்ட்டின் தடை இல்லை.

உறுதிசெய்ய, அதே கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி, திக்கிய அதே நிமிடத்தை டிவியில் ஓடவிடுங்கள். (4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஃபேட்32 முறையில் ஏறாது; எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.) அங்கும் திக்கினால் குறை நெட்வொர்க்கில் இல்லை, பெரும்பாலும் டிவியின் டிகோடரில்தான் (கோப்பைப் படமாக மாற்றும் பகுதி).

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இடையில் கனமான சுவர்கள் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் வெகுவாகக் குறைந்துவிடும்.