டாக்டர் பதில்கள்: குழந்தை வயிறும் ஆன்டிபயாடிக் சிரப்பும்

இந்த தடவை குழந்தைங்களோட வயிறு பத்தியும் ஆன்டிபயாடிக் பத்தியும்தான் நிறைய லெட்டர். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தப்பட்டதா இருக்கறதால சேர்த்தே எடுத்துக்கிட்டேன்.

வாசகி, திருச்சி: டாக்டர், என் பையனுக்கு 9 வயசு. மூணு மாசமா வயித்து வலி, லூஸ் மோஷன் விட்டு விட்டு வருது, ரெண்டு மூணு தடவை ரத்தமும் பாத்தேன், எடையும் குறைஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் ஆன்டிபயாடிக் சிரப் எழுதித் தர்றாங்க, நாலு நாள் நல்லா இருக்கான், திரும்ப ஆரம்பிச்சிருது. இப்ப ஒரு டாக்டர் கால்ப்ரொடெக்டின்னு மலப் பரிசோதனை எடுக்கச் சொல்றார். அதுலயே என்னன்னு தெரிஞ்சிருமா? ஸ்கோப்னா, அதாவது கேமரா குழாய் விட்டுக் குடலைப் பாக்கறதுன்னா, பயமா இருக்கு.

டெஸ்ட் எடுத்துருங்கம்மா, ஆனா அதோட நிக்காதீங்க. குடல்ல அழற்சி, அதாவது உள்பக்கம் வீங்கிச் சிவந்து புண்ணாகறது, இருந்தா ரத்த வெள்ளையணுக்கள்ல நியூட்ரோஃபில்னு ஒரு வகை அங்க கூட்டமா வந்து சேரும், அதுக்குள்ள நிறைஞ்சு இருக்கற புரதம்தான் இந்த கால்ப்ரொடெக்டின், மலத்துல சீக்கிரம் கெடாது, அதனால அளக்க முடியுது. இங்கிலாந்துல டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் தர்ற நைஸ் அமைப்பு 2013லயே இதைப் பரிந்துரை பண்ணிருச்சு. சாதாரண வயித்து வலியா, இல்ல குரோன்ஸ், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மாதிரி குடல் அழற்சி நோயான்னு பிரிச்சுப் பாக்கத்தான். கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழ இருந்தா அழற்சி இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி.

ஆனா கூடுதலா வந்தா உடனே "குரோன்ஸ்தான்"னு முடிவு கட்டிறக் கூடாது. சாதாரண இன்ஃபெக்‌ஷன்லயும் ஏறும், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை கொடுத்திருந்தாலும் ஏறும், 4 வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு ஒண்ணுமே இல்லாட்டியும் கூடத்தான் இருக்கும். நம்ம ஊர்ல இன்னொண்ணு முக்கியம், குடல் டிபி. அதுலயும் இந்த அளவு ஏறும், பாக்கறதுக்கு அப்படியே குரோன்ஸ் மாதிரியே இருக்கும், ஆனா சிகிச்சை ரெண்டும் வேற வேற. குரோன்ஸுன்னு நினைச்சு ஸ்டீராய்டு கொடுத்தா டிபி பரவிரும். ஸ்கோப் பண்ணி சதைத் துணுக்கு எடுத்துப் பாக்காம அதைப் பிரிக்கறது கஷ்டம்.

நெதர்லாந்து டாக்டர்கள் 2010ல அதுவரைக்கும் வந்த ஆய்வுகளைத் திரட்டி ஒரு கணக்கு போட்டாங்க: சந்தேகப்படற குழந்தைங்களுக்கு முதல்ல இந்த டெஸ்ட் வெச்சா ஸ்கோப் 35 சதவீதம் குறையும், ஆனா நோய் உள்ளவங்கள்ல 8 சதவீதம் பேருக்குக் கண்டுபிடிக்கறது தள்ளிப் போகும். அந்த 8ல உங்க பையன் இருக்கக் கூடாது. ரத்தம் போகுது, எடை குறையுது, மூணு மாசம் ஆச்சு, இதெல்லாம் சேர்ந்தா டெஸ்ட் நார்மல்னு வந்தாலும் குழந்தைகள் குடல் நிபுணரைப் பாத்தே ஆகணும். மயக்கம் கொடுத்துத்தான் ஸ்கோப் பண்ணுவாங்க, பையனுக்கு வலி தெரியாது.

அதுவரைக்கும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்னு உறுதியான குழந்தைங்களுக்கு நோய் எவ்ளோ தீவிரம்னு பாக்க பூகாய்னு ஒரு மதிப்பெண் முறை 2007ல வந்துச்சு, மொத்தம் 85 மார்க், அதுக்கு ஊசியும் வேணாம் ஸ்கோப்பும் வேணாம், கேக்கறது ஆறே விஷயம்: வயித்து வலி, ரத்தம், மலம் எவ்ளோ தண்ணியா இருக்கு, நாளைக்கு எத்தனை தடவை, ராத்திரி தூக்கத்துல இருந்து எந்திரிச்சுப் போறானா, ஓடியாடி விளையாடறானா. ரத்தத்துக்கு மட்டும் 30 மார்க் வரைக்கும் உண்டு. இது நோயைக் கண்டுபிடிக்கறதுக்கு இல்லதான், ஆனா இந்த ஆறையும் எழுதிட்டுப் போனா டாக்டருக்கு பெரிய உதவி. ராத்திரி விஷயத்தைப் பையன்கிட்டயே தனியா உக்கார வெச்சுக் கேளுங்க. 9 வயசுப் பசங்க வெக்கப்பட்டு அம்மாகிட்ட சொல்லாமலே எந்திரிச்சுப் போயிட்டு வந்து படுத்துக்குவாங்க. ஸ்கூல் ஹெல்த் கார்டுல பழைய உயரம், எடை இருக்கும், அதையும் எடுத்துட்டுப் போங்க, உயரம் ஏறாம நிக்கறது வயித்து வலிக்கு முன்னாடியே தெரியற அறிகுறி சில பேருக்கு.

ஒவ்வொரு தடவையும் சிரப் கொடுத்து நாலு நாள் நல்லா இருந்தான்னு எழுதியிருக்கீங்க பாருங்க, எனக்கு அதுதான் மனசைப் பிசையுது. குடல் அழற்சி நோயா இருந்தா அது தானாவே ஏறி இறங்கும், இறங்கற நேரத்துல சிரப்புக்குப் பேர் போயிருது, இங்க மாசக்கணக்கு போயிருது.

வாசகர், லண்டன்: பொண்ணுக்கு 4 வயசு, ஒரு வாரமா நெஞ்சுச் சளி, இருமல், லேசா காய்ச்சல். இங்க ஜி.பி., அதாவது குடும்ப டாக்டர், செக் பண்ணிட்டு ஆன்டிபயாடிக் வேணாம்னு அனுப்பிட்டாங்க. ஊர்ல இருந்து அம்மா போன் பண்ணி "என்ன டாக்டர் அது"ன்னு திட்டறாங்க. செலவு மிச்சம் பண்றதுக்குத்தான் இப்படிப் பண்றாங்களா சார்?

இல்ல தம்பி, அவங்க ஊர்லயே பண்ணின ஆய்வு இருக்கு. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் நடத்தினது, 2021ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு. 6 மாசத்துல இருந்து 12 வயசு வரைக்கும், நெஞ்சுச் சளியோட ஜி.பி.கிட்ட வந்த, நிமோனியா சந்தேகம் இல்லாத 432 குழந்தைங்க, பாதிப் பேருக்கு அமாக்ஸிசிலின்ங்கற ஆன்டிபயாடிக் 7 நாள், மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கற டம்மி மருந்து. ஓரளவு மோசமான தொந்தரவு நீடிச்சது அமாக்ஸிசிலின் குடிச்சவங்களுக்கு 5 நாள், குடிக்காதவங்களுக்கு 6 நாள், அந்த ஒரு நாள் வித்தியாசத்தையும் மருந்தாலதான்னு உறுதியா சொல்ல முடியல. காய்ச்சல் இருந்த குழந்தைங்களைத் தனியா பிரிச்சுப் பாத்தும் பெரிய லாபம் தெரியல.

அம்மா திட்டறதுலயும் நியாயம் இருக்கு, அவங்க நிமோனியாவுல குழந்தைங்க போனதைப் பாத்த தலைமுறை. கராச்சியில வேகமா மூச்சு வாங்கற குழந்தைங்க கிட்டத்தட்ட 4,000 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணி 2020ல வெளியிட்டாங்க, அங்க டம்மி மருந்து குடிச்சவங்கள்ல 4.9 சதவீதம் பேருக்கு சிகிச்சை தோத்துச்சு, அமாக்ஸிசிலின் குடிச்சவங்கள்ல 2.6 சதவீதம்தான். ஆக வெறும் சளி வேற, வேகமா மூச்சு வாங்கறது வேற. பொண்ணோட சட்டையைக் கழட்டிட்டு நல்ல வெளிச்சத்துல நெஞ்சைப் பாருங்க. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவுல குழி விழுந்தாலோ, அமைதியா இருக்கும்போதே நிமிஷத்துக்கு 40க்கு மேல மூச்சு விட்டாலோ, உதடு நீலமா தெரிஞ்சாலோ, தண்ணி கூட குடிக்காம சுருண்டு படுத்தாலோ ஜி.பி. என்ன சொல்லியிருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

வாசகி, தூத்துக்குடி: பேத்திக்கு 1½ வயசு, நேத்து இருந்து தண்ணி தண்ணியா போறா. மெடிக்கல் ஷாப்ல ரெண்டு மருந்து கலந்த ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தாங்க. கொடுக்கலாமா டாக்டர் தம்பி?

வேணாம்மா, எடுத்து வெச்சிருங்க. இந்தியா, பங்களாதேஷ், கென்யான்னு 7 நாட்டுல, 2 வயசுக்குள்ள, தண்ணி பேதியோட ரொம்ப மெலிஞ்சோ நீர்ச்சத்து குறைஞ்சோ வந்த 8,000க்கும் மேல குழந்தைங்கள்ல பாதிப் பேருக்கு அசித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாடிக்கும் மீதிப் பேருக்கு டம்மி மருந்தும் கொடுத்துப் பாத்தாங்க, 2021ல முடிவு வந்துச்சு. ஆறு மாசத்துல இறந்தது மருந்து குடிச்சவங்கள்ல 0.5 சதவீதம், டம்மி குடிச்சவங்கள்ல 0.7 சதவீதம், அந்த வித்தியாசம் மருந்தாலன்னு நிரூபணமாகல. அவ்ளோ பலவீனமான குழந்தைங்களுக்கே அப்படின்னா உங்க பேத்திக்கு அந்த சிரப் எதுக்கு?

கொடுக்க வேண்டியது ஓஆர்எஸ்ஸும் துத்தநாகமும், அதாவது ஜிங்க், தினம் 20 மி.கி., 14 நாள், பேதி நின்னாலும் நிறுத்தாதீங்க. ஓஆர்எஸ் பாக்கெட்ல 1 லிட்டர்னு போட்டிருந்தா 1 லிட்டர், 200 மி.லி.ன்னா 200, பாதிப் பாக்கெட்டைக் கொட்டி அரை டம்ளர்ல கலக்கறது எல்லாம் ஆபத்து, உப்பு கூடிரும். அட்டை டப்பாவுல இனிப்பா வர்ற ஜூஸ் ஓஆர்எஸ் கிடையாது. ஒவ்வொரு தடவை போனதும் ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க, வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி கொடுங்க. தாய்ப்பாலை நிறுத்த வேணாம், கஞ்சி, இட்லி எல்லாம் கொடுக்கலாம். மலத்துல ரத்தம் வந்தா கதை வேற, அப்ப ஆன்டிபயாடிக் தேவைப்படும், ஆனா அதை டாக்டர் பாத்துத்தான் எழுதணும். கண்ணு உள்ள போயிருந்தாலோ, அழும்போது கண்ணீர் வரலைன்னாலோ, ஆறு மணி நேரமா யூரின் போகலைன்னாலோ இன்னிக்கே கெளம்புங்க.

வாசகர், மதுரை: ஆன்டிபயாடிக் நிறைய குடிச்சா குழந்தைக்குக் குடல் நோயே வந்துரும்னு சொல்றாங்களே, உண்மையா?

தொடர்பு இருக்கு, அதுதான் காரணம்னு நிரூபணமாகல. டென்மார்க்ல 5 லட்சத்து 77 ஆயிரம் குழந்தைங்களோட பதிவுகளைப் பாத்து 2011ல வெளியிட்டாங்க. ஆன்டிபயாடிக் குடிச்சவங்களுக்குக் குடல் அழற்சி நோய் 1.8 மடங்கு அதிகம். ஆனா மொத்தமா நோய் வந்தது 117 பேருக்குத்தான், அவ்ளோ அபூர்வம். தவிர, நோய் உள்ளுக்குள்ள ஆரம்பிச்ச வலிக்கும் பேதிக்குமே சிரப் எழுதியிருக்கலாம், அப்ப எது முந்தி எது பிந்தின்னு பிரிக்க முடியாது. அதனால டாக்டர் நிமோனியாவுக்குக் கொடுத்த கோர்ஸை இந்தப் பயத்துல பாதியில நிறுத்திறாதீங்க, எத்தனை நாள் போதும்னு அவர்கிட்டயே கேளுங்க. பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் நிமோனியாவோட ஆஸ்பத்திரிக்கு வந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட 814 குழந்தைங்களுக்கு 3 நாள் அமாக்ஸிசிலின் 7 நாளுக்கு சமமா வேலை செஞ்சுதுன்னு 2021ல காட்டியிருக்காங்க, அதனால உங்க டாக்டர் குறைச்ச நாள் எழுதினா கவலைப்பட வேண்டாம்.