துப்பாக்கி கேம் ஆடினால் பையன் கெட்டுப்போவானா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். 13 வயது மகன் ப்ளேஸ்டேஷனில் ஜிடிஏ 5 என்ற, குற்றவாளியாக ஆடும் துப்பாக்கி கேமை ஆடுகிறான். "ஊரில் நடக்கிற கொள்ளையும் கொலையும் போதாதா, இவனும் அப்படி ஆகிவிடுவான்" என்கிறார் மாமியார். "மூளை சுறுசுறுப்பாகும், விடு" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?

பதில்: ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்டு வாழ்கிற ஊரில், பேரன் திரையில் ஆளைச் சுட்டால் எந்தப் பாட்டிக்கும் வயிறு கலங்கும். ஆனால் கேம் ஆடியதால் ஒருவன் கொலைகாரன் ஆவான் என்பதற்கு ஆதாரம் போதாது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னதும் இதுதான்: கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்தோடு இந்த கேம்களுக்கு லேசான தொடர்பு உண்டு, நிஜ வன்முறைக்கு இவற்றைக் காரணம் காட்ட முடியாது. பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகளை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த லேசான தொடர்பும் தென்படவில்லை.

கணவர் சொல்வது பாதி சரி. வேகமான கேம்கள் பார்வைக் கவனத்தைக் கூர்மையாக்கும். அதற்காகப் பள்ளியில் மார்க் ஏறிவிடாது.

இருந்தாலும் இந்த கேம் உங்கள் மகனுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. சுடுவதற்காக மட்டும் அந்த எண்ணைப் போடவில்லை. ஒரு கட்டத்தில் ஆளை நாற்காலியில் கட்டிவைத்துச் சித்திரவதை செய்ய வேண்டும். பல்லைப் பிடுங்கக் குறடு வரை இருக்கிறது, எந்தக் கருவி என்று ஆடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். 13 வயதுக் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

சும்மா பிடுங்கிக்கொள்ளாதீர்கள். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிக்காட்டச் சொல்லுங்கள். அப்புறம் காரணத்தைச் சொல்லி, கால்பந்து, கார் பந்தயம், மைன்கிராஃப்ட் என்று அவனே வேறொன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அவன் ப்ளேஸ்டேஷன் கணக்கில் உண்மையான பிறந்த தேதியைப் போட்டு, வயது வரம்பையும் நேரத்தையும் நீங்களே அமையுங்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஹெட்செட்டில் பேசும் வசதியைக் கட்டாயம் மூடுங்கள். சுடுவதைவிட எனக்கு அதுதான் கவலை. ப்ளேஸ்டேஷன் பெட்டி ஹாலில் இருக்கட்டும். ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. அதனால் "இந்த ரவுண்டு முடிந்ததும் எழுந்துவா" என்று சொன்னால் பாதிச் சண்டை குறையும்.

தூக்கம், படிப்பு, நண்பர்கள் எல்லாம் கெட்டும் நிறுத்த முடியாமல் ஆடினால், உளவியல் நிபுணரிடம் கூட்டிப்போங்கள். உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறு என்று சொல்ல, பொதுவாக அந்த நிலை 12 மாதம் நீடித்திருக்க வேண்டும். நீங்கள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை.