வாசகர் கேள்வி – பதில்: முகப்பு வளைவா, வகுப்புத் தட்டியா?

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் எங்கள் ஆரம்பப் பாடசாலைக்குக் காசு அனுப்பியிருக்கிறார்கள். அபிவிருத்திச் சங்கத்தில் சிலர் முகப்பு வளைவும் பெயின்றும் என்கிறார்கள். ஆசிரியர்கள் படிப்புக்குச் செலவழிக்கச் சொல்கிறார்கள். எதற்கு முதலிடம்?
– சங்க உறுப்பினர், ஒட்டுசுட்டான்

இந்த வேலையைச் செய்யாமல் விட்டால் வருடத்தில் எத்தனை மணித்தியாலப் பாடம் கெடும் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடுங்கள். கூரை ஒழுக்கால் மாரியில் 20 நாள், நாளுக்கு 2 மணித்தியாலம் வாங்குகளை இழுத்து ஒதுக்குவதிலேயே போகிறது என்று வைத்தால், 40 மணித்தியாலம். காலை 7.30 முதல் 1.30 வரையான பள்ளி நாளில் கணக்கிட்டால் ஏழு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. முகப்பு வளைவால் கெடுகிற பாடம் பூச்சியம். தண்ணீரில்லாத மலசலகூடம் இந்தக் கணக்கில் மேலே வரும். அடக்கிக்கொண்டு இருக்கிற பிள்ளைக்குக் கரும்பலகை தெரியாது.

பலர் கணக்கில் எடுக்காத ஒன்று சத்தம். 100 அடிக்கு 20 அடி மண்டபத்தில் ஐந்து வகுப்பும் நடக்கிற பாடசாலையில், தரம் 1 பாட்டுப் பாடும்போது தரம் 4 பிள்ளைக்குக் கழித்தல் ஏறாது. அங்கே வகுப்புகளுக்கு நடுவே மறைப்பாகத் தட்டி அடிப்பது கட்டட வேலையும்தான், கற்றல் உதவியும்தான். 8 அடிக்கு 4 அடி பிளைவூட் ஐந்தை நிமிர்த்தி வைத்தால் 20 அடி அகலம் மூடும். இரு பக்கமும் அடிக்கப் பத்து. ஐந்து வகுப்புக்கு நாலு தட்டி. சட்டத்தைத் தூணுக்கு நேரே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் யன்னல் பாதியாகப் பிரிந்து ஒரு வகுப்பு இருட்டாகும். அடிச்சட்டத்தை நிலத்தில் படவிட்டால் கறையான் ஒரு மாரியிலேயே ஏறிவிடும். சின்னக் கொங்கிறீற்று வரம்பு போட்டு அதன்மேல் வையுங்கள். தட்டிக்குப் பதிலாகக் கல்லால் சுவர் கட்டலாம் என்று மேசன் சொல்வார். அத்திவாரமில்லாமல் வெறும் தரையில் கட்டிய சுவர் வெடிக்கும், பிள்ளைகள் பக்கம் சரியவும் கூடும்.

8 அடித் தட்டிக்கு மேலால் சத்தம் வரத்தான் செய்யும். மிச்சத்தை நேரசூசியால் தீர்க்க வேண்டும்: பக்கத்து வகுப்பு வாசிக்கும் நேரத்தில் பாட்டும் விளையாட்டும் மரநிழலில். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

போன வருடம் மாற்றிய அஸ்பெஸ்டஸ் சீற்றுக் கூரை இந்த வருடமே ஒழுகுகிறது. சீற்று கூடாததா?
– பெற்றோர், மல்லாவி

பெரும்பாலும் சீற்றில் பிழையிராது, அடித்த விதத்தில்தான் இருக்கும். மூன்று இடங்களைப் பாருங்கள். ஆணி சீற்றின் மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால் ஓடிவருகிற தண்ணீர் முழுவதும் அந்த ஓட்டையைக் கடந்துதான் போகும். ஆணியை இறுக்கிப் பூட்டியிருந்தால் வெயிலில் சீற்று விரிய இடமில்லாமல் ஓட்டையைச் சுற்றி மயிர் வெடிப்பு வரும். ஓட்டை ஆணியை விட இரண்டு மில்லிமீற்றராவது பெரிதாக இருந்து, மேலே தார் அல்லது இறப்பர் வாசர் மூட வேண்டும். மூன்றாவது, மேவல், அதாவது ஒரு சீற்று மற்றதன் மேல் ஏறி நிற்பது. இங்கே வன்னியில் பலத்த மழை வாடைக் காற்றோடு வடகிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே தென்மேற்குப் பக்கத்தில் அடிக்கத் தொடங்கி, அடுத்தடுத்த சீற்று முந்தியதன் மேல் ஏற வேண்டும். மாறி அடித்தால் பொருத்து வாய் காற்றுக்கு எதிரே திறந்திருந்து மழையை வாங்கும். மேல் வரிசைச் சீற்று கீழ் வரிசையில் ஏறும் மேவல் ஆறு அங்குலத்துக்குக் குறையக்கூடாது.

வெடிப்பில் சீமெந்து பூசுவது வீண். இரண்டு வெயில் பட்டால் கழன்றுவிடும். அஸ்பெஸ்டஸ் சீற்றை வெட்டும்போதும் கழற்றும்போதும் நனைத்துச் செய்யுங்கள், உடைத்து நொறுக்க வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. வேலை ஆகஸ்ட் விடுமுறையில்தான், பிள்ளைகள் இல்லாமல். ஆனால் அப்போது சோளகக் காற்று வீசும். பாதி பூட்டிய சீற்றை இரவில் அப்படியே விட்டுப் போனால் காலையில் அது வளவில் கிடக்கும்.

தரம் 4 இல் பத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியாது. மேலதிக வகுப்பு தரம் 5 புலமைப்பரிசிலுக்கு மட்டும்தான் நடக்கிறது. என்ன செய்யலாம்?
– ஆசிரியை, நெடுங்கேணி

தரம் 5 இல் தொடங்குவது பிந்திப்போன வேலை. முதலில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். நாலு அட்டை போதும்: பத்து எழுத்து, பத்துச் சின்னச் சொல், தரம் 1 மட்டத்தில் நாலு வரி, தரம் 2 மட்டத்தில் ஒரு பந்தி. பிள்ளையைத் தனியே கூப்பிட்டு வாசிக்கவிடுங்கள். ஒருவருக்கு நாலு நிமிடம். 30 பேருக்கு இரண்டு மணித்தியாலம். கொப்பியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கரும்பலகையைப் பார்த்து முத்துமுத்தாக எழுதுகிற பிள்ளைக்கு அதில் ஒரு சொல்லும் வாசிக்க வராமல் இருக்கும்.

பிறகு தரத்தை மறந்து மட்டத்தால் பிரியுங்கள். தரம் 3, 4 இரண்டிலும் எழுத்தில் நிற்கிறவர்கள் ஒரு கூட்டம், சொல்லில் நிற்கிறவர்கள் இன்னொன்று. வாரத்தில் நாலு நாள், 45 நிமிடம், பள்ளி நேரத்துக்குள்ளேயே. பின்னேர வகுப்புக்குப் பசி ஒரு தடை, பேருந்து இன்னொரு தடை. காட்டோரப் பாதைகளில் யானைப் பயம் வேறு.

பிள்ளைகள் தடக்குப்படும் இடங்கள் தெரிந்தவைதான். ‘கொ’ என்பதில் கொம்பு முன்னுக்கு நிற்கிறது, ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. பிள்ளை இடமிருந்து வலமாகப் போய் ‘கெ… ஆ’ என்கிறது. ககர அட்டையைக் கறுப்பிலும் குறிகளைச் சிவப்பிலும் தனித்தனியே வெட்டி, ‘கொ’ என்று வாயால் சொல்லிக்கொண்டே பிள்ளை தன் கையால் மூன்று துண்டையும் சேர்க்கட்டும். அடுத்தது புள்ளி: படம், பட்டம் இரண்டையும் ஒரே மாதிரி வாசிப்பார்கள். ஜோடிச் சொற்களைக் கைதட்டிச் சொல்ல வையுங்கள். ல, ள, ழ குழப்பத்தை இப்போது திருத்தப் போக வேண்டாம். வாசிப்பு ஓடத் தொடங்கிய பிறகு பார்க்கலாம்.

கழித்தலுக்கு ஈர்க்குக் கட்டு. 42 இலிருந்து 17 எடுக்க, நாலு பத்துக் கட்டில் ஒன்றை அவிழ்த்தால்தான் ‘கடன் வாங்குதல்’ என்பது பிள்ளைக்கு விளங்கும்.

ஆறு வாரத்துக்கொரு தடவை அதே நாலு மட்டத்திலும் புது அட்டைகளால் பாருங்கள். செலவு மனிலாத் தாள், கதைப் புத்தகங்கள், உதவிக்கு வருகிறவருக்குச் சின்னக் கொடுப்பனவு. வளைவுக்குப் போகிற சீமெந்துக் காசில் இது வருடக்கணக்கில் ஓடும்.

நன்கொடையாளர் ஸ்மார்ட் போர்ட் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– அதிபர், துணுக்காய்

வயரிங்கில் புவித்தொடுப்பு (எர்த் வயர்) இருக்கிறதா, மின்கட்டணம் யார் கட்டுவது, பழுதானால் யார் வருவது – மூன்றுக்கும் பதில் இருந்தால் வாங்குங்கள். இடி முழங்கும் மாதங்களில் பிளக்கைக் கழற்றி வைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பதில் இல்லையென்றால், அதே காசுக்குத் தட்டியும் வாசிப்புப் புத்தகமும் கேட்டுப் பாருங்கள்.

பழைய கட்டடத்தைச் சங்கமே இடிக்கலாமா?
– வாசகர், கனகராயன்குளம்

கூடாது. வலயக் கல்வி அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதியும் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடும் வேண்டும். கூரையின் வளை மரங்களும் ஓடுகளும் அரச சொத்து. கழற்றியதை எண்ணிப் பதிந்து வையுங்கள்.