பெருவெடிப்பும் பாதிரியாரும்

அன்புள்ள ஐயா,

அறிவியலும் மதமும் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தேன். நான் கிறிஸ்தவன், இயற்பியலில் முதுகலை படிக்கிறேன். விடுதி நண்பர்கள் நாத்திகர்கள். கலிலியோ பெயரைச் சொல்லியே என் வாயை அடைக்கிறார்கள். ஆனால் பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்டவரே ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். அதை எதிர்த்த பிரிட்டிஷ் வானியலாளர் ஃபிரெட் ஹாய்ல் நாத்திகர். பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டென்றால் தொடங்கிவைத்தவரும் உண்டு. பகுத்தறிவு எங்கள் பக்கம்தானே?

ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நான் இறைநம்பிக்கை இல்லாதவன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கலிலியோ விஷயத்தில் சப்பைக்கட்டு கட்டாதீர்கள். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக 1633இல் அவரை மண்டியிட்டு மறுதலிக்க வைத்தது திருச்சபை. தவறு நடந்தது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1992இல் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிறுவனம் ஒருவரை மிரட்டியதால் கடவுள் இல்லை என்று ஆகிவிடாது. இதை உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் சாட்சிக்கு அழைக்கும் ஜார்ஜ் லெமைத்ர். பெல்ஜியக்காரர், முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர், 1923இல் குருப்பட்டம் பெற்றார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதினார். கணக்கு சரி, இயற்பியல் சகிக்கவில்லை என்று ஐன்ஸ்டைன் நேரிலேயே சொன்னார். 1931இல், எல்லாம் ஒரே ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 'நேச்சர்' அறிவியல் இதழுக்கு ஒரு சிறிய கடிதம். அதன் கைப்பிரதியின் கடைசியில் கடவுளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அச்சுக்குப் போகும் முன் அதை அவரே அடித்துவிட்டார். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது அங்கேதான்.

1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் நீங்கள் சொல்வதையேதான் சொன்னார். பைபிள் சொல்லும் 'வெளிச்சம் உண்டாகக்கடவது' என்ற கணத்துக்கு இன்றைய அறிவியல் சாட்சி சொல்கிறது என்றார். லெமைத்ருக்கு இது பெரிய சங்கடம். அடுத்த ஆண்டு உலக வானியலாளர்கள் ரோமில் கூடியபோது போப் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 1958இல் சொல்வே இயற்பியல் மாநாட்டில் லெமைத்ர் வெளிப்படையாகவே சொன்னார்: தன் கொள்கை மதக் கேள்விகளுக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது, கடவுளை மறுக்க விரும்பும் பொருள்முதல்வாதிக்கு அதில் தடையேதும் இல்லை.

நீங்கள் இயற்பியல் மாணவர், இது தெரிந்திருக்கும். மிகச் சூடான, அடர்ந்த நிலையிலிருந்து பிரபஞ்சம் சுமார் 1380 கோடி ஆண்டுகளாக விரிந்துவருகிறது, அவ்வளவுதான் கொள்கை. அதற்கு முன்னால் என்ன, 'முன்னால்' என்று ஒன்று உண்டா என்று கேட்டால் சமன்பாடுகள் கைவிரித்துவிடும். நாளைக்கே அதற்கு முந்திய கட்டம் ஒன்று இருந்ததாகத் தெரியவந்தால் ஜெபத்தை நிறுத்திவிடுவீர்களா? மாட்டீர்கள். அப்படியென்றால் உங்கள் விசுவாசம் அதன்மேல் நிற்கவில்லை, வாதத்துக்காக இழுத்து வருகிறீர்கள். உங்கள் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே, உலகத்துக்குத் தொடக்கம் உண்டென்பதை விசுவாசத்தால் ஏற்கலாமே தவிர நிரூபிக்க முடியாது என்றார். சொத்தையான காரணங்களைக் காட்டினால் நம்பாதவர்கள் சிரிப்பார்கள் என்றும் எச்சரித்தார்.

ஹாய்லுக்கு வருகிறேன். தொடக்கம் என்ற எண்ணமே அவருக்கு மதவாடை அடித்தது, உண்மைதான். 'பெருவெடிப்பு' என்ற பெயரே 1949இல் பிபிசி வானொலியில் அவர் வாயிலிருந்து வந்தது. ஆனால் அவரும் ஹெர்மன் போண்டி, தாமஸ் கோல்டு என்ற விஞ்ஞானிகளும் 1948இல் முன்வைத்த நிலைத்த பிரபஞ்சக் கொள்கை (பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, விரிந்தாலும் என்றும் ஒரே மாதிரி இருக்கும் என்பது) சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருந்தது. சோதித்தார்கள், தோற்றது. 1965இல் பென்சியாஸும் வில்சனும் பின்னணிக் கதிர்வீச்சை, அதாவது அந்தச் சூடான தொடக்க நிலையின் மிச்சமாக விண்வெளியெங்கும் பரவியிருக்கும் கதிர்வீச்சை, அறிவித்த பிறகு, நாத்திக இயற்பியலாளர்கள் பெரும்பாலோரும் எந்த ஞானஸ்நானமும் பெறாமலே பெருவெடிப்பை ஏற்றுக்கொண்டார்கள். ஹாய்லோ 2001இல் சாகும்வரை விட்டுக்கொடுக்கவில்லை. அது அவர் பிடிவாதம், நாத்திகத்தின் தலையில் அதைக் கட்டவேண்டாம்.

நண்பர்களோடு வாதாடத்தான் வேண்டுமென்றால், ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்குப் பதில் ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற கேள்வியை எடுங்கள். அதற்குத் தொலைநோக்கி தேவைப்படாது. அங்கேயும் நான் உங்களோடு உடன்படப் போவதில்லை, ஆனால் எழுதினால் பதில் போடுகிறேன்.