மங்கலான ஆரஞ்சு நட்சத்திரம் சின்னதுதானா?

கேள்வி: வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்சத்திரம் பைனாகுலரில் லேசான ஆரஞ்சாகத் தெரிந்தது. மங்கலாக இருப்பதால் சின்ன நட்சத்திரம் என்று எடுத்துக்கொள்ளலாமா? அதே நட்சத்திரம் சில சமயம் நிறமே இல்லாமல் தெரிகிறதே, ஏன்?

பதில்: சின்னது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நிறம் சொல்வது மேற்பரப்பு வெப்பத்தை மட்டும்தான். ஆரஞ்சு என்றால் 3,900 முதல் 5,200 கெல்வின் வரை, சூரியனைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவே.

இதே நிறத்தில் குள்ளனும் உண்டு, ராட்சதனும் உண்டு. 61 சிக்னி என்ற இரட்டை நட்சத்திரம் இரண்டுமே சூரியனைவிடச் சிறியவை, 11.4 ஒளியாண்டு என்னும் பக்கத்துவீட்டுத் தூரத்தில் இருந்தும் நல்ல இருட்டில்தான் கண்ணுக்கு எட்டும். சுவாதி நட்சத்திரமோ சூரியனைப்போல 25 மடங்கு அகலம். 37 ஒளியாண்டில் ஜொலிக்கிற அதை 600 ஒளியாண்டுக்குத் தள்ளி வைத்தால் அதுவும் மங்கிப்போய், நீங்கள் பார்த்ததைப்போலத்தான் இருக்கும். குள்ளர்கள் எண்ணிக்கையில் அதிகம்தான், ஆனால் அவர்களின் வெளிச்சம் வெகுதூரம் வராது. அதனால் பைனாகுலரில் சிக்கும் ஆரஞ்சுப் புள்ளி பெரும்பாலும் தொலைவில் இருக்கும் ராட்சதன்தான் என்பேன்.

உறுதியாகச் சொல்லத் தூரத்தை அளக்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் எவ்வளவு இடம் மாறித் தெரிகிறது என்று பார்த்து, 1838-இல் ஜெர்மன் வானியலாளர் பெசல் 61 சிக்னியின் தூரத்தைக் கணக்கிட்டார். அவர் அளந்த கோணம், ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள பொருளை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தக் காலத்துக் கருவியை வைத்துக்கொண்டு அதைச் செய்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது. அதைவிடப் பல மடங்கு நுட்பமாக கையா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அளந்துவிட்டது, உங்களுடையதும் அநேகமாக அதன் பட்டியலில் இருக்கும்.

சரி, நிறம் ஏன் மறைகிறது? மங்கலானதை ஓரக்கண்ணால் பார்த்தால் பளிச்சென்று தெரியும், ஆனால் அப்போது வேலை செய்வது பெரும்பாலும் விழித்திரையில் உள்ள, நிறம் அறியாத கோல் செல்கள். நிறம் வேண்டுமென்றால் நேராகப் பாருங்கள், பக்கத்தில் உள்ள வெள்ளை நட்சத்திரத்தோடு மாற்றி மாற்றி ஒப்பிடுங்கள். அப்புறம், அடிவானத்தில் இருக்கும்போது எதுவுமே கொஞ்சம் சிவந்துதான் தெரியும், அதனால் அது உச்சிக்கு ஏறும் வரை காத்திருந்து பாருங்கள்.