ஆட்டப் பருவ காலத்தில் சேவைப் பணியைக் கைவிட வேண்டுமா?

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் முதல் பிரிவு மகளிர் கால்பந்து அணியில் ஆடும் இரண்டாமாண்டு உயிரியல் மாணவியாகிய நீங்கள், ஆட்டமும் ஆய்வக வகுப்பும் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் சேவையும் செப்டம்பரில் ஒன்றாக நெருக்குவதால், சேவையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விட வேண்டாம், அதன் காலத்தை மாற்றுங்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி ஆட்டப் பருவ காலத்தில் பயிற்சியும் ஆட்டமும் வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றாலும், ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி நேரமாகவே கணக்கிடப்படுகிறது. பயணம் கணக்கிலேயே சேர்வதில்லை. வியாழனும் ஞாயிறும் வெளியூரில் ஆடிவிட்டு நள்ளிரவில் பேருந்திலிருந்து இறங்கும் வாரத்தில் அந்த 20 என்ற எண் வெறும் ஏட்டுச் சுரைக்காய்தான். எனவே வெள்ளிக்கிழமை ஆய்வக வகுப்பை ஜனவரியில் தொடங்கும் வசந்தகாலப் பாடப் பருவத்துக்குத் தள்ள முடியுமா என்று கல்வி ஆலோசகரிடம் இப்போதே கேளுங்கள். ஒரு பாடப் பருவத்தில் முழுநேர மாணவிக்குரிய 12 கிரெடிட்டுக்கு (பாட அலகுகளுக்கு)க் கீழே மட்டும் இறங்கிவிடாதீர்கள். தொடர்ந்து ஆடும் தகுதிக்கு, மூன்றாமாண்டுத் தொடக்கத்துக்குள் பட்டப்படிப்பில் 40 விழுக்காடு முடிந்திருக்க வேண்டும் என்பதால், இப்போது குறைப்பதைக் கோடையிலாவது ஈடுகட்டியாக வேண்டும்.

சேவையைப் பொறுத்தவரை, பருவ காலத்தில் ஓய்வு நாளில் ஒரு மணி நேரம் இணையவழியில் கற்பித்தால் போதும். வர இயலாத வாரங்களைச் சிறுவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திடீரென்று நின்றுபோகும் ஆசிரியரை அவர்கள் எளிதில் நம்புவதில்லை. ஜனவரி முதல் நேரில் செல்லலாம்.

படிப்பிலும் ஆட்டத்திலும் ஒருசேரச் சிறக்கும் கல்லூரி வீரர்களுக்கான அகாடமிக் ஆல் அமெரிக்கா விருதுக்கு நீங்களே விண்ணப்பிக்க இயலாது. தரப்புள்ளி சராசரி குறைந்தது 3.50 இருந்தால்தான், உங்கள் கல்லூரியின் விளையாட்டுத் தகவல் அலுவலர் பரிந்துரைக்க முடியும். அவரிடம் ஒருமுறை பேசி வையுங்கள்.